பெரிய சர்வர் வாங்கும் முன் முறை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ‘சர்வர் டவுன்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள், பெரிய சர்வர் வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்டிருந்தார். அலைந்து களைத்தவரின் கோபம் அது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரிய சர்வர் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று அவர் முடித்திருந்தார் பாருங்கள், அந்த இடத்தில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம். தினமும் எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறேன். பதினான்கு வருடமாக ஒரு சிறிய நிறுவனத்தில் சர்வர் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அங்கே இருப்பது ஒரே ஒரு சர்வர். பதினாறு கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), 64 ஜி.பி. மெமரி. தனியாக ஒன்று வாங்க யாருக்கும் வசதி இல்லாததால் மூன்று தரப்பு சேர்ந்து அதைப் பங்கு போட்டுப் பயன்படுத்துகிறார்கள்.

முதல் தரப்பு, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற நாற்பத்து மூன்று பால் சொசைட்டிகள். காலையும் மாலையும் ஊற்றுகிற பாலின் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) அளவுகள் எங்களுக்கு வந்து சேரும். பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா. தீவனக் கடனைக் கழித்து, யாருக்கு எவ்வளவு என்று வங்கிக்குப் பட்டியல் போக வேண்டும். இரண்டாவது, தென்னந்தோப்பு வேலை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கின்றன. படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டர். தனி மரம் தெரியாது, ஆனால் ஒரு தோப்பு மொத்தமாக மஞ்சளடித்து வருகிறதா என்பது தெரியும். வேர் வாடல் நோயிலும் வெள்ளை ஈயிலும் தோப்புகள் போய்க்கொண்டிருக்கிற இந்தப் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விவசாயிகளுக்குத் தெரியும். மூன்றாவது, பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட். தென்னை ஓலைப் போட்டோக்களைக் காட்டி நோயைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள். இவை போக, எல்லாவற்றையும் நகலெடுத்து வைக்கிற எங்கள் பேக்கப் தினம் உண்டு.

நான் சொல்ல வந்தது ஒரு உத்திராட நாளில் நடந்தது. ஓணத்துக்கு முந்தின நாள் எங்கள் ஊர்க் கடைவீதியில் கால் வைக்க இடம் இருக்காது. உத்திராடப் பாய்ச்சல் என்றே அதற்குப் பெயர். அன்று காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீதி அக்கா ஒருவர் வாசலில் வந்து நின்றார். இரண்டு மாடு வைத்திருப்பவர். பாஸ்புக்கைத் துணிப்பையில் சுருட்டி எடுத்து வந்திருந்தார். “அக்கவுண்டுல ஒண்ணும் ஏறலீங்களே தம்பி. பேத்திக்குத் துணி எடுக்கோணும். நீங்கதான் அந்தக் கம்ப்யூட்டர் பாக்கறீங்கன்னு சொன்னாங்க” என்றார். என்னிடம் பதில் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திராமல் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சர்வரின் பதிவேட்டைத் திறந்தால் ராத்திரி 12.07க்கு ஒரே ஒரு வரி. மெமரி தீர்ந்துவிட்டது, டேட்டாபேஸ் (பால் கணக்குகளை வைத்திருக்கிற புரோகிராம்) கொல்லப்பட்டது. அதற்கு மேல் படிக்கப் படிக்கத்தான் விஷயம் புரிந்தது. பால் பட்டுவாடாவை 12 மணிக்கு வைத்தவர் ஒருவர். செயற்கைக்கோள் வேலையை 12 மணிக்கு வைத்தவர் இன்னொருவர். பேக்கப்பும் 12 மணி. மூன்று பேரும் ஒருவரையொருவர் கேட்கவில்லை. நள்ளிரவு என்பது எல்லாருக்கும் முதலில் தோன்றுகிற நேரம், அவ்வளவுதான். கிரான் என்ற நேரம் பார்த்து வேலையைத் தொடங்கும் புரோகிராம் 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்திலேயே உண்டு. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து இடம். ‘0 0 * * *’ என்று எழுதினால் தினம் நள்ளிரவு. அதற்குத் தெரிந்தது கடிகாரம் மட்டும். பக்கத்தில் யார் ஓடுகிறார்கள், நேற்றைய வேலை முடிந்ததா, இடம் இருக்கிறதா என்றெல்லாம் அது பார்க்காது.

கணக்கைப் பாருங்கள். செயற்கைக்கோள் வேலை படத்தைப் பன்னிரண்டு துண்டாக்கி ஒரே நேரத்தில் ஓட்டும். துண்டுக்கு 3.5 ஜி.பி., மொத்தம் 42. டேட்டாபேஸுக்கு 18. சேர்த்தால் 60. இருப்பது 64, சமாளிக்கும். பேக்கப் 6 ஜி.பி. கேட்டு உள்ளே வந்ததும் 66. எந்த இரண்டு சேர்ந்தாலும் பிழைத்திருக்கும், மூன்றும் சேர்ந்ததால் கவிழ்ந்தது. இப்படி மெமரி தீரும்போது, சர்வரை இயக்குகிற லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம்களில் யாரையாவது கொன்றுதான் மற்றவர்களைக் காப்பாற்றும். பெரும்பாலும் அதிக மெமரியைத் தனியாளாக வைத்திருப்பவரைத்தான் எடுக்கும். பன்னிரண்டு பேர் ஆளுக்கு 3.5 வைத்திருக்கிறார்கள், டேட்டாபேஸ் தனியாக 18 வைத்திருக்கிறது. நெருக்கியவர்கள் தப்பித்தார்கள், பால்காரர்களின் கணக்கை மடியில் வைத்திருந்தது செத்தது.

அதைவிட மோசமானது அடுத்து நடக்க இருந்தது. பட்டுவாடா பத்தொன்பது சொசைட்டிகளுக்குப் பட்டியல் எழுதிவிட்டு நடுவில் நின்றிருக்கிறது. காலையில் நல்லெண்ணத்தோடு ஒருவர் அதை முதலிலிருந்து மறுபடி ஓட்டினார். பட்டியலை வங்கிக்கு அனுப்பும் முன் ஒரே சொசைட்டி எண் இரண்டு இடத்தில் கண்ணில் பட்டதால் நிறுத்தினோம். இல்லையென்றால் பத்தொன்பது சொசைட்டிகளுக்கு இரட்டைப் பணம் போயிருக்கும், பிறகு அதை ஏழைகளின் கணக்கிலிருந்து திரும்பப் பிடித்திருப்பார்கள். மூன்றரை மணிக்குத்தான் பணம் ஏறியது. அந்த அக்கா நாலு மணி பஸ் பிடித்துக் கடைவீதிக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த ஒரு நாளை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மறுநாளே பேச்சு எழுந்தது, 128 ஜி.பி. மெஷின் வாங்கலாம் என்று. நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டு, இருபத்து நாலு மணி நேரமும் சர்வர் எவ்வளவு வேலை செய்கிறது என்று வரைந்து பார்த்தேன். ராத்திரி 12 முதல் 3 வரை மூச்சு முட்டுகிறது. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை பதினாறு கோரில் இரண்டோ மூன்றோதான் அசைகிறது. இதற்கா இன்னொரு மெஷின்?

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க நான் வேறெங்கும் போக வேண்டியதில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர் இருக்கிறது. திருமூர்த்தி அணை ஆயக்கட்டு மூன்றே முக்கால் லட்சம் ஏக்கருக்கு மேல். எல்லாருக்கும் ஒரே நாளில் திறந்தால் தலைமடைக்காரன் வயல் ரொம்பும், கடைமடையில் வாய்க்கால் மண் கூட நனையாது. அதனால்தான் நான்கு மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஏறத்தாழ 94,000 ஏக்கர் என்று, முறை வைத்துத் திறக்கிறார்கள். எங்கள் சித்தூர்ப் பக்கத்துக்கும் அப்படித்தான். 1970 ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. அளந்து கேரளத்துக்கு விட வேண்டும். சண்டை இல்லை என்று சொல்ல மாட்டேன், வருடா வருடம் உண்டு. ஆனால் சண்டை போடவாவது ஒரு அளவும் ஒரு தேதியும் ஒரு முறையும் இருக்கிறது. ஷட்டரைத் திறக்க லஸ்கர் என்று ஒரு ஆள் இருக்கிறார். எங்கள் சர்வரில் அளவும் இல்லை, முறையும் இல்லை, லஸ்கரும் இல்லை. அவரவர் மடையை அவரவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் சுலபமானதைச் செய்தோம். பேக்கப் பத்து மணி, செயற்கைக்கோள் பன்னிரண்டு, பால் இரண்டு. மூன்று வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் மேகம் விலகிய மாதம் வந்தது. மேகம் இல்லாத படம் நிறைய சேர்ந்தால் வேலை இரண்டு மடங்கு நீளும். பன்னிரண்டு மணி வேலை மூன்றரை வரை இழுத்து பால் வேலையின் மேல் ஏறியது. இன்னொரு ராத்திரி எல்லையோர வேலந்தாவளம் பக்கம் கரண்ட் இல்லாமல் ஒரு சொசைட்டியின் அளவுகள் இரண்டரைக்குத்தான் வந்தன. இரண்டு மணிக்கே கணக்குப் போட்டு முடித்திருந்ததால் அந்த ஊர் ஆட்களுக்குப் பணமே இல்லை. மணி பார்த்து வேலையை அடுக்கினால் இப்படித்தான். ‘இரண்டு மணிக்கு’ என்று எழுதியதை ‘எல்லா சொசைட்டியும் வந்த பிறகு’ என்று மாற்ற வேண்டும். வராதவருக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கும் ஒரு எல்லை வேண்டும். இப்போது மூன்றரை வரை காத்திருக்கிறோம். அதற்கு மேல், வந்தவர்களுக்குப் போட்டுவிட்டு வராதவர்களைத் தனிப் பட்டியலில் வைக்கிறோம். அவர்கள் அளவுகள் வந்ததும் அவர்களுக்கு மட்டும் ஓடும். ஒவ்வொரு சொசைட்டிக்கும் அந்தப் பத்து நாளுக்கு ‘முடிந்தது’ என்று ஒரு குறி விழும். குறி இருந்தால் எத்தனை முறை மறுபடி ஓட்டினாலும் பணம் இரண்டாவது முறை போகாது. இந்தக் குறி ஒன்றை மட்டும் வைத்திருந்தாலே உத்திராடத்தன்று பாதிப் பதற்றம் குறைந்திருக்கும்.

இதற்கெல்லாம் கருவிகள் இருக்கின்றன, காசு கொடுக்க வேண்டியதில்லை. எது முடிந்து எது தொடங்க வேண்டும் என்று சங்கிலி போட ஏர்ஃப்ளோ இருக்கிறது. 2014இல் ஏர்பிஎன்பி நிறுவனத்துக்குள் தொடங்கியது, இப்போது அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் எல்லாருக்கும் இலவசம். யாருக்கு எத்தனை கோர், எவ்வளவு மெமரி, எத்தனை மணி நேரம் என்று கேட்டு வாங்கி வரிசையில் நிறுத்த ஸ்லர்ம் இருக்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. உலகின் பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் வரிசையைப் பார்த்துக்கொள்வது அதுதான். திருச்சி என்.ஐ.டி.யில் 2022இல் வந்த பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் 838 டெராஃப்ளாப்ஸ் திறன் உள்ளது, அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. அவ்வளவு பெரிய மெஷினாக இருந்தாலும் பலர் பங்கு போட்டால் வரிசை வேண்டும். எங்கள் பதினாறு கோருக்கு வேண்டாமா?

வரிசை வந்ததும் எல்லாம் சுபம் என்று நினைத்துவிட்டேன். கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். “சார், எட்டு நாளா என் ஜாப் வரிசையில முதல் இடத்துலயே நிக்குதுங்க சார்” என்றாள். எனக்கு நம்ப முடியவில்லை. போய்ப் பார்த்தால் உண்மை. அவளுக்குப் பன்னிரண்டு கோர் ஒன்றாகக் காலியாக வேண்டும். நான்கு காலியாகும், உடனே ஒரு சின்ன வேலை அதில் உட்காரும். மறுபடி மூன்று காலியாகும், இன்னொரு சின்ன வேலை. பன்னிரண்டும் சேர்ந்து காலியாகிற நேரமே வரவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத கதைதான். முதலிடத்தில் நிற்பவருக்கே இந்த நிலை. அவள் காலேஜில் ரிவ்யூ முடிந்தே போயிருந்தது. இரண்டு வாரம் தள்ளிக் கேட்டு வாங்கினாள்.

இதற்கு வழி, முதலில் நிற்கிற பெரிய வேலைக்கு ஒரு நேரத்தைக் குறித்துக் கொடுத்துவிடுவது. ஓடிக்கொண்டிருப்பவை எப்போது முடியும் என்று தெரிந்தால், உனக்கு ராத்திரி 1.20 என்று சொல்லிவிடலாம். அதுவரை சும்மா கிடக்கிற கோர்களில் சின்ன வேலைகள் போகட்டும், ஆனால் 1.20க்குள் எழுந்துவிடும் என்றால் மட்டும். இந்த ஒரு நிபந்தனை இருந்தால் இடைவெளியும் வீணாகாது, பெரியவரும் காத்தே கிடக்க மாட்டார். இதற்கு ஒவ்வொருவரும் தன் வேலை எவ்வளவு நேரம் ஓடும் என்று உண்மையாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் மனிதர்களின் பயம் குறுக்கே வருகிறது. சொன்ன நேரம் தாண்டினால் வேலையை நிறுத்திவிடுவார்களே என்று, இருபது நிமிட வேலைக்கு ஆறு மணி நேரம் என்று எழுதுகிறார்கள். ஆறு மணி என்று எழுதியதை எந்த இடைவெளியிலும் நுழைக்க முடியாது, அவர்களே வரிசையில் மாட்டிக்கொள்கிறார்கள். முந்தைய ஐந்து முறை எவ்வளவு ஓடியது என்று பார்த்து அதைப்போல் ஒன்றரை மடங்கு எழுதச் சொன்னேன். அப்புறம் தகராறு குறைந்தது.

யாருக்கு முன்னுரிமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பட்டுவாடா ராத்திரி பால்தான் முதலில். ஆனால் மற்ற ஒன்பது ராத்திரியும் பால் என்று சொல்லி யாரும் முந்தக் கூடாது. காத்திருக்கக் காத்திருக்க ஒரு வேலையின் மதிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்படி வைத்திருக்கிறோம், சென்ற வாரம் அதிகமாகப் பயன்படுத்தியவருக்குக் கொஞ்சம் இறங்கும்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான், ஆனால் இரண்டு நாள் தூக்கம் போனது. செயற்கைக்கோள் வேலையை எழுதியவர் இடையில் ஒருமுறை தன் பகுதியின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டார். அதில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை ஐந்தரை. சொசைட்டியில் கேனைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வரிசையில் நிற்கிற நேரம். அளவு ஏறாமல் திரை உறைந்து நின்றது. பாலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பார்கள்? எந்த நேரத்தை எழுதினாலும் அது எந்த ஊர் நேரம் என்று பக்கத்தில் எழுதுங்கள் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீரையும் கம்ப்யூட்டர் நேரத்தையும் ஒன்றாகச் சொன்னேன், ஆனால் ஒரு இடத்தில் அவை ஒன்றல்ல. இன்று விடாத தண்ணீர் அணையில் நிற்கும், நாளைக்கு ஆகும். இன்று பகல் சும்மா கிடந்த பதினான்கு கோரின் ஒன்பது மணி நேரம் எந்த அணையிலும் நிற்காது, போனது போனதுதான். அதனால்தான் அவசரமில்லாத பிள்ளைகளின் வேலையைப் பகலுக்கு மாற்றினோம். அந்தப் பெண்ணின் வேலை இப்போது பகல் பதினோரு மணிக்கு ஓடி, சாயங்காலம் காலேஜ் விடுவதற்குள் முடிந்துவிடுகிறது. அதே பழைய 64 ஜி.பி. மெஷின்தான். இந்த முறைகள் எல்லாம் வந்த பிறகு ஒரு பட்டுவாடா கூடத் தாமதமாகவில்லை.

அதனால் அலுவலகங்களையும் கல்லூரிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் நான் கேட்பது இது. புது சர்வருக்கு டெண்டர் விடும் முன் இருக்கிற சர்வரின் ஒரு வார வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்த மணி நேரம் நிரம்பியிருக்கிறது, எது காலி என்று தெரியாமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். நிஜமாகவே போதவில்லை என்றால் வாங்குங்கள், அதற்கு நான் எதிரி இல்லை. வாங்கும்போது வரிசையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். மெஷினுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, முறை பார்க்கிற ஆளுக்குச் சம்பளம் இல்லை என்று சொல்வதைப் பல இடத்தில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அந்த ஆள் யார் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும், ராத்திரி எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்றும் தெரிய வேண்டும்.

கல்லூரிகளுக்கு இன்னொரு வேண்டுகோள். புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கிறீர்கள், சரி. நான்கு பேருடைய புரோகிராம் ஒரே மெஷினில் எப்படிச் சேர்ந்து வாழ வேண்டும் என்பதையும் ஒரு செமஸ்டராவது கற்றுக்கொடுங்கள். 2015இல் தொடங்கிய தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் பயிற்சி மையங்களில் ஒன்று எங்கள் பாலக்காடு ஐ.ஐ.டி.யிலேயே இருக்கிறது. சென்னை, கரக்பூர், கோவா ஐ.ஐ.டி.களில் மற்றவை. பெரிய ஆராய்ச்சியாளர்களுக்குச் சொல்லித்தருவதோடு, எங்களைப் போல ஒற்றை சர்வரை வைத்துக்கொண்டு பால் கணக்குப் பார்ப்பவர்களுக்கும் தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு நாள் வகுப்பு வைத்தால், சித்தூரிலிருந்து பொள்ளாச்சி வரை வர ஆள் இருக்கிறது. முதல் ஆளாக நான் வருவேன்.

எங்கள் சர்வர் அறைச் சுவரில் ஒரு பெரிய சார்ட் ஒட்டியிருக்கிறோம். எந்த வேலை, யாருடையது, எவ்வளவு மெமரி, எதற்குப் பிறகு ஓட வேண்டும், நின்றுபோனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தமிழில் எழுதியிருக்கிறது. இதே தொல்லையில் இருக்கிற வேறு சங்கத்துக்காரர்கள் யாராவது பார்க்க விரும்பினால் உங்கள் அலுவலகம் மூலம் எனக்குத் தெரிவியுங்கள், நேரில் வந்து படமெடுத்துக்கொண்டு போகலாம். ராத்திரி பத்து மணிக்கு வந்தால் வரிசை நகர்வதையும் பார்க்கலாம். பத்தாம் நாள் ராத்திரி மட்டும் வேண்டாம், அன்றைக்குப் பட்டுவாடா.

இப்படிக்கு,
ஒரு சர்வர் பராமரிப்பாளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.